ஸ்டீரியோ ஃபேசர்: இரண்டாவது கேபிளைச் செருகும் முன்

இரவில் சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஃபேசர் என்ற கிட்டார் பெடலின் ஓசையைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிபிசி தமிழோசையோ வெரித்தாஸோ ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று, பேசுபவரின் குரல் ஏதோ குழாய்க்குள் புகுந்து வருவது போலச் சுழன்று, மெலிந்து, மறுபடி தெளியும். ஸ்டேஷன் போயிருக்காது, ஒலியளவும் அவ்வளவாகக் குறைந்திருக்காது. குரலுக்குள்ளிருந்து எதுவோ மேலிருந்து கீழாக வழிந்து போனது போல இருக்கும். ஒரே அலை வானில் அயனி மண்டலத்தில் பட்டு இரண்டு வழியாக நம் வானொலிக்கு வந்து சேர்கிறது, ஒன்று மட்டும் கொஞ்சம் பிந்தி. இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அயனி மண்டலம் சும்மா இருப்பதில்லை. அது அசைய அசைய, அழிகிற இடமும் நகர்கிறது.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் (ஆம்ப்) நடுவில் வைத்துக் காலால் மிதித்து இயக்கும் ஃபேசர் பெட்டியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. இந்த ஒற்றுமை தற்செயலும் அல்ல. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஷின்-எய் நிறுவனத்துக்காக யூனி-வைப் என்ற கருவியை வடிவமைத்த ஃபுமியோ மியேதா, கடல் கடந்து வந்த ரேடியோ மாஸ்கோ ஒலிபரப்பின் அந்தச் சுழற்சிதான் தனக்குத் தூண்டுதல் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969இல் உட்ஸ்டாக் மேடைக்குக் கொண்டுபோனது அந்தக் கருவியைத்தான்.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஓர் ஊஞ்சலை இரண்டு பேர் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே திசையில், ஒரே கணத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். ஒருவர் முன்னாலிருந்தும் மற்றவர் பின்னாலிருந்தும் அதே பலத்தோடு தள்ளினால் ஊஞ்சல் நின்ற இடத்திலேயே நிற்கும். பள்ளிப் பாடத்தில் இதைத்தான் கட்டம், எதிர்க்கட்டம் என்று படித்தோம். ஃபேசர் உங்கள் கிட்டாரின் சிக்னலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று அப்படியே போகிறது. மற்றொன்று ‘ஆல்-பாஸ்’ என்ற ஒருவகை ஃபில்டர்கள் சிலவற்றைக் கடந்து போகிறது. இந்த ஃபில்டர் எந்த அதிர்வெண்ணையும் குறைப்பதில்லை, எல்லாவற்றையும் முழு அளவில் விட்டுவிடும். ஆனால் ஒவ்வொன்றின் கட்டத்தையும் வெவ்வேறு அளவு திருப்பிவிடும். பேஸ் பக்கம் கிட்டத்தட்டத் திருப்புவதே இல்லை. நடு அதிர்வெண்ணில் 90 டிகிரி. ட்ரெபிள் பக்கம் போகப் போக 180 டிகிரியை நெருங்கும். கடைசியில் இந்த இரண்டு சிக்னலையும் கலக்கும்போது, எங்கே கட்டம் நேர் எதிராக இருக்கிறதோ அங்கே ஒலி அழிந்து ஒரு பள்ளம் விழுகிறது.

ஒரு ஃபில்டரைத்தான் ஒரு ஸ்டேஜ் என்கிறார்கள். இரண்டு ஸ்டேஜுக்கு ஒரு பள்ளம். பெடலின் மேல் நான்கு ஸ்டேஜ் என்று எழுதியிருந்தால் இரண்டு பள்ளம், ஆறு என்றால் மூன்று. நான்கு ஸ்டேஜிலும் நடு அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், பள்ளங்கள் விழுவது சுமார் 414 ஹெர்ட்ஸிலும் 2414 ஹெர்ட்ஸிலும். நடுவில் 1000 ஹெர்ட்ஸில் கட்டம் முழுச்சுற்று சுற்றி மறுபடி ஒன்றாகிவிடுவதால் அங்கே மேடு. இதன் உறவுக்கார எஃபெக்டான ஃபிளாஞ்சர் இப்படி இல்லை. அது உண்மையான கால தாமதத்தை வைத்து வேலை செய்வது. ஒரு மில்லி விநாடி தாமதம் கொடுத்தால் 500, 1500, 2500, 3500 என்று சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாகப் பள்ளம் விழும். ஃபிளாஞ்சர் ஜெட் விமானம் போல உறுமுவதும், ஃபேசர் மென்மையாக வாய் திறந்து மூடுவது போலக் கேட்பதும் இதனால்தான்.

பள்ளம் ஓரிடத்திலேயே நின்றால் அது வெறும் ஈக்வலைசர். அதை மேலும் கீழும் நகர்த்த, காதுக்குக் கேட்காத அளவு மெதுவான ஓர் அலை உள்ளே ஓடுகிறது. எல்எஃப்ஓ என்பார்கள். யூனி-வைப்பில் இந்த வேலையைச் செய்தது ஒரு குட்டி பல்பு. அது மங்கிப் பிரகாசிக்க, சுற்றியிருக்கும் நான்கு ஒளி உணரிகள் ஃபில்டர்களை நகர்த்தும். பல்பு சூடாவதும் ஆறுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அந்தக் கருவியின் நொண்டியடிக்கும் துடிப்பு அங்கிருந்து வருவது. எனக்கு அந்தக் கோணல்தான் அழகு.

இத்தனையையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபேசர் எதையும் கூட்டுவதில்லை, சிலவற்றை இல்லாமல் ஆக்குகிறது. நீங்கள் கேட்பது நகரும் இல்லாமையை. ஸ்டீரியோ ஃபேசர் அந்த இல்லாமையை இடது காதுக்கு ஓரிடத்திலும் வலது காதுக்கு வேறிடத்திலும் வைக்கிறது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் இணைப்பு

பவர் விஷயத்தில் அவசரம் கூடாது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முனை மைனஸ். வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரின் பிளக் அப்படியே பொருந்தும். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை பிளஸ். செருகினால் பெடல் போய்விடலாம். பெடலின் முதுகில் அச்சடித்த சின்னத்தையும் அடாப்டரின் சின்னத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மில்லி ஆம்பியர் கணக்கையும் பாருங்கள்: பழைய பாணி அனலாக் ஃபேசருக்குக் கொஞ்சம் போதும், டிஜிட்டல் ஸ்டீரியோ பெடல் 300 வரைகூடக் கேட்கலாம். அடாப்டர் அதைவிட அதிகம் தரக்கூடியதாக இருந்தால் பரவாயில்லை, குறைவாக இருக்கக் கூடாது.

அடுத்தது கேபிள். ஸ்டீரியோ என்றதும் ஹெட்ஃபோன் பிளக் மாதிரி இரண்டு வளையம் உள்ள கேபிளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. பெடலில் இடது, வலது என்று இரண்டு அவுட் ஜாக் தனித்தனியாக இருந்தால் சாதாரண மோனோ கிட்டார் கேபிள் இரண்டு போதும். சில சின்ன பெடல்களில் இடமில்லாததால் ஒரே ஜாக்கில் இரண்டு சேனலையும் அடக்கியிருப்பார்கள். அதற்கு மட்டும், ஒரு முனையில் அந்த இரண்டு வளைய பிளக்கும் மறுமுனையில் இரண்டு மோனோ பிளக்கும் உள்ள டிஆர்எஸ் ஒய் கேபிள் வேண்டும். இன்புட் ஒன்றுதான் இருக்கிறதே, இது எப்படி ஸ்டீரியோ என்று கேட்க வேண்டாம். கிட்டார் மோனோதான். பிரிவது பெடலுக்குள்.

இரண்டு அவுட்டும் எங்கே போகும்? இரண்டு ஆம்ப் இருந்தால் அதுதான் சுகம். ஆளுக்கொரு மூலையில் வைத்து நடுவில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஆனால் இரண்டு ஆம்பும் வெவ்வேறு எர்த் வழியாகப் பிணையும்போது ‘ம்ம்ம்’ என்று ஹம் கிளம்பலாம். அதற்காக எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கையில் உலோகக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், உயிர் விஷயம். இரண்டு ஆம்பையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் பெட்டி ஒன்றை வலது கேபிளுக்கு நடுவில் போடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: ஃபேசரை அணைத்துவிட்டு இரண்டு ஆம்பிலும் ஒரு ஓபன் ஈ கார்டு வாசியுங்கள். பேஸ் காணாமல் போய் ஒலி தகரம் போல இருந்தால், ஓர் ஆம்ப் மற்றதற்கு எதிர்க்கட்டத்தில் ஓடுகிறது. ஊஞ்சல் கதைதான். அதைச் சரிசெய்யாமல் ஃபேசரை ஆன் செய்தால் எது பெடல், எது கோளாறு என்றே தெரியாது.

வீட்டில் ஒரு ஆம்ப்கூட இல்லாதவர்கள், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் இரண்டு இன்புட்டில் செருகி, ஒன்றை முழு இடது, ஒன்றை முழு வலது என்று பேன் செய்து ஹெட்ஃபோனில் கேட்கலாம். தொடங்குகிறவர்களுக்கு உண்மையில் இதுதான் சிறந்த வழி, செலவும் குறைவு. கணினியில் ஆம்ப் சிமுலேட்டர் போட்டால் அது ஸ்டீரியோவாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மோனோவாக இருந்தால் அத்தனை பாடும் அங்கேயே வீண்.

நாப்களைத் திருகும் முறை

எம்எக்ஸ்ஆர் நிறுவனம் 1974இல் கொண்டுவந்த ஃபேஸ் 90 என்ற ஆரஞ்சு நிறப் பெட்டியில் ஒரே ஒரு நாப்தான்: வேகம். அதை வைத்துக்கொண்டே எடி வான் ஹேலன் 1978இல் வந்த தன் குழுவின் முதல் ஆல்பத்தில் பெயர் வாங்கினார். இன்றைய ஸ்டீரியோ பெடலில் ஐந்தாறு நாப். பயப்பட வேண்டாம். முதலில் வேகத்தைத் தவிர மற்றதை எல்லாம் நடுவில் வைத்துவிட்டு, ஃபீட்பேக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வேகத்தைப் பாட்டின் தாளத்தோடு சேர்த்து யோசியுங்கள். நிமிடத்துக்கு 80 அடி ஓடும் பாட்டில் நான்கு அடி கொண்ட ஒரு பார் மூன்று விநாடி. அலை ஒருமுறை ஏறி இறங்க அதே மூன்று விநாடி எடுத்தால், அதாவது சுமார் 0.33 ஹெர்ட்ஸ், ஃபேசர் பாட்டோடு மூச்சு விடும். அதில் பாதி வேகம் இன்னும் நல்லது என்பது என் கருத்து. புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் வேகத்தைக் கூட்டி வைத்து இரண்டு நாளில் அலுத்துப்போகிறார்கள். மெதுவாக வைத்தால் கேட்பவருக்கு ஃபேசர் இருப்பதே தெரியாது, அணைத்தால்தான் என்னவோ குறைந்தது போலத் தோன்றும். விநாடிக்கு ஐந்தாறு முறை என்று கூட்டினால் சுழலும் ஸ்பீக்கர் வைத்த ஆர்கன் மாதிரி நடுங்கும். ஒரு பாட்டில் நான்கு பாருக்கு நல்லாயிருக்கும். முழுப் பாட்டுக்கும் என்றால் தலை சுற்றும்.

டெப்த் என்பது பள்ளம் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது. வேகம் கூடினால் டெப்த்தைக் குறையுங்கள். வேகம் குறைந்தால் தாராளமாக விடலாம்.

ஃபீட்பேக் நாப், சில பெடலில் ரெசனன்ஸ் என்றிருக்கும், வெளியே வந்த சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுகிறது. பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மேடுகள் கூராகி, ஓசை ‘ஓ... ஆ... ஈ’ என்று உயிரெழுத்து சொல்ல ஆரம்பிக்கும். ஃபேஸ் 90இன் ஆரம்பகாலப் பதிப்பில் இந்தத் திரும்பும் பாதை கிடையாது, பின்னால் வந்ததில் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள அந்த வேறுபாடு ஒரே ஒரு ரெசிஸ்டரில் அடங்கியது. சால்டரிங் தெரிந்தவர்கள் அதைக் கழற்றிப் பழைய மென்மையை மீட்டுக்கொள்வதுண்டு.

மிக்ஸ் நாப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஃபெக்ட் முழுதாக வேண்டும் என்று கடைசி வரை திருகினால் ஃபேசரே காணாமல் போகும். காரணம் ஊஞ்சலில் இருக்கிறது: இரண்டு பேரும் சம பலத்தோடு தள்ளினால்தான் ஊஞ்சல் நிற்கும். நேர் சிக்னலும் திருப்பிய சிக்னலும் பாதிக்குப் பாதி இருக்கும்போதுதான் பள்ளம் ஆழமாக விழும். திருப்பிய சிக்னல் மட்டும் போனால் எதுவும் அழியாது, சுருதி லேசாக அலையும் ஒரு வைப்ராட்டோ கிடைக்கும். யூனி-வைப்பில் இதற்கென்றே தனி நிலை வைத்திருந்தார்கள். நீங்கள் ஃபேசர் தேடுகிறீர்கள் என்றால் நடுவில் நிறுத்துங்கள்.

இரண்டு காதுக்கும் இரண்டு கதை

இனி ஸ்டீரியோ. இரண்டு ஜாக் இருக்கும் பெடல் எல்லாம் ஒரே விதமாகப் பிரிப்பதில்லை. உங்கள் பெடல் எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் நாள் வேலை.

ஒரு வகை, இடதில் நேர் சிக்னலோடு திருப்பியதைக் கூட்டும், வலதில் நேர் சிக்னலிலிருந்து திருப்பியதைக் கழிக்கும். விளைவு வேடிக்கையானது. இடதில் எங்கே பள்ளமோ வலதில் அங்கே மேடு. முன்பு சொன்ன நான்கு ஸ்டேஜ் கணக்கில் இடதில் 414, 2414இல் பள்ளம் என்றால் வலதில் 1000இல் பள்ளம். கூடவே வலதில் அடி பேஸும் மெலியும், ஏனென்றால் கீழே கட்டம் திரும்புவதே இல்லை. திரும்பாததைக் கழித்தால் மிச்சம் என்ன? இரண்டு காதிலும் கேட்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றையொன்று இட்டு நிரப்பி, கிட்டார் அறை முழுக்க விரிந்து நிற்கும். வலது அவுட்டை மட்டும் ஓர் ஆம்பில் செருகிவிட்டு, பெடல் மெலிவாகக் கேட்கிறது என்று திட்டாதீர்கள். ஒரே ஆம்ப் என்றால் எப்போதும் ‘இடது / மோனோ’ என்று எழுதிய ஜாக்.

இன்னொரு வகையில் இரண்டு பக்கமும் முழு ஃபேசர்தான், ஆனால் எல்எஃப்ஓ எதிரெதிர் திசையில் ஓடும். இடதில் பள்ளம் மேலே ஏறும்போது வலதில் கீழே இறங்கும். ஹெட்ஃபோனில் ஓசை மண்டைக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து போவது தெரியும். மியூசிட்ரானிக்ஸ் நிறுவனம் 1970களில் செய்த மியூ-ட்ரான் பை-ஃபேஸ் இந்த விளையாட்டின் பாட்டன். ஒரு பெரிய பெட்டிக்குள் ஆறு ஸ்டேஜ் ஃபேசர் இரண்டு. இரண்டையும் ஒரே திசையிலும் ஓட்டலாம், எதிரெதிராகவும் ஓட்டலாம், தனித்தனி வேகத்திலும் விடலாம். ஜமைக்காவில் ரெகே இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரி தன் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் கிட்டார், டிரம் சிம்பல் என்று எல்லாவற்றையும் அதற்குள் செலுத்தி எடுத்தார். ஃபேசர் கிட்டாருக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அவர் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வகை, ஒரு பக்கம் ஃபேசர், மறுபக்கம் வெறும் கிட்டார். எளியது, மேடையில் பயமில்லாதது. இரண்டு அவுட்டிலும் ஒரே சிக்னலைத் தருகிற பெடலும் உண்டு. அதை ஸ்டீரியோ என்று விற்பது கொஞ்சம் நியாயமில்லை.

எது உங்களிடம் இருக்கிறது என்று அறிய, ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டு, கிட்டாரில் ஒரு பவர் கார்டை (power chord) மீட்டி நீள விட்டு, மிக மெதுவான வேகத்தில் இரண்டு சேனலையும் பதிவு செய்யுங்கள். முதலில் இடதை மட்டும், பிறகு வலதை மட்டும் கேளுங்கள். அப்புறம் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து மோனோவாகக் கேளுங்கள்.

மூன்றாவதாகக் கேட்கும்போதுதான் உண்மை தெரியும். கூட்டல்-கழித்தல் வகையை மோனோவாக்கினால் என்ன ஆகும்? நேர் சிக்னல் இரண்டு மடங்கு. கூட்டியதும் கழித்ததும் சேர்ந்து பூஜ்யம். ஃபேசர் சுத்தமாக மறைந்து வெறும் கிட்டார் நிற்கும். எனக்கு ஒருமுறை கல்லூரி விழா ஒன்றில் இதுதான் நடந்தது. வீட்டில் ஹெட்ஃபோனில் ஒரு வாரம் செதுக்கிய ஓசை. மேடையில் பெடலை மிதிக்கிறேன், எல்இடி எரிகிறது, ஓசையில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி மிதிக்கிறேன். பாட்டு முடியும் வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். மிக்சரில் என் இரண்டு சேனலும் நடுவில் நின்றிருந்தன, ஹாலின் ஸ்பீக்கர்கள் எல்லாம் மோனோ. யார் மேலும் தப்பில்லை, என் மேல்தான். நான் ஒரு கேபிளைப் பிடுங்கியிருந்தால் போதும், இடது பக்கம் மட்டும் போய் ஃபேசர் திரும்ப வந்திருக்கும்.

எல்எஃப்ஓ எதிரெதிராக ஓடும் வகை மோனோவில் இவ்வளவு மோசமாகப் போகாது. ஒரு பக்கத்துப் பள்ளத்தை மறுபக்கத்து ஒலி பாதி நிரப்பிவிடும். சுழற்சி மங்கும், ஆனால் இருக்கும். மூன்றாவது வகையிலும் அப்படித்தான். இன்று நம் பாட்டைக் கேட்கிறவர்களில் பலர் ஃபோனைக் கையில் பிடித்தோ ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ கேட்கிறார்கள் என்பதால், பதிவிலும் இதே கவனம் வேண்டும். கூட்டல்-கழித்தல் வகைதான் உங்களிடம் இருக்கிறது என்றால், வலது சேனலின் அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கழித்தல் முழுமையாக நடக்காது, மோனோவிலும் ஃபேசர் ஓரளவு மிஞ்சும்.

வரிசையில் எங்கே?

டிஸ்டார்ஷனுக்கு முன்னாலா, பின்னாலா? வான் ஹேலன் வைத்தது முன்னால்: கிட்டாரிலிருந்து ஃபேசர், அதன் பிறகே கிழியும் ஆம்ப். டிஸ்டார்ஷன் பள்ளங்களைக் கொஞ்சம் மூடிவிடுவதால், ஃபேசர் அடக்கமாக ஸோலோவின் மேல் மட்டும் வழுக்கிப் போகும். பின்னால் வைத்தால் எதிர்மாறு. டிஸ்டார்ஷன் மேற்சுரங்களை அள்ளிக் கொட்டும். பள்ளம் நகர நகர ஒவ்வொன்றாக விழுங்கப்படுவது துல்லியமாகக் கேட்கும். விழுங்க நிறைய இருந்தால்தானே விழுங்குவது தெரியும். கிளீன் டோனில் ஒற்றை நரம்பைத் தட்டினால் ஃபேசர் சோம்பலாகக் கேட்பதும், முழு கார்டை ஸ்ட்ரம் செய்தால் உயிர் பெறுவதும் இதனால்தான்.

ஆனால் ஸ்டீரியோவுக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு. சிக்னல் இரண்டாகப் பிரிந்த பிறகு அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பெடலுக்கும் இரண்டு இன், இரண்டு அவுட் இருக்க வேண்டும். நடுவில் எதிரொலி தரும் டிலே பெடல் ஒன்று மோனோவாக வந்தால் ஸ்டீரியோ அங்கேயே முடிந்தது. அதனால் டியூனர், வாவா, ஓவர்டிரைவ் எல்லாம் முன்னால், அப்புறம் ஃபேசர், அதன் பின் ஸ்டீரியோ டிலே, பெரிய அறையின் முழக்கத்தைத் தரும் ஸ்டீரியோ ரிவர்ப். அவை உங்களிடம் மோனோவாகத்தான் இருக்கின்றன என்றால் ஃபேசரைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். ரிவர்பின் வால்கூடச் சேர்ந்து சுழலும். விதிமீறல் என்பார்கள், மெதுவான பாட்டுக்கு எனக்குப் பிடித்த ஓசை அது.

பதிவு செய்யும்போது ஒன்று. பல பெடல்களில் எல்எஃப்ஓ நீங்கள் மிதிக்காத நேரத்திலும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு டேக்கிலும் சுழற்சி வேறு இடத்தில் தொடங்கும். மூன்றாவது டேக்கில் அந்த கார்டின் மேல் பள்ளம் சரியாக வந்து விழுந்ததே, ஐந்தாவதில் ஏன் விழவில்லை என்று குழம்ப வேண்டாம். முடிந்தால் ஃபேசர் இல்லாத கிட்டாரையும் தனி ட்ராக்கில் பிடித்து வையுங்கள். பிறகு அதையே பெடலுக்குள் திரும்பத் திரும்ப அனுப்பி, சுழற்சி வேண்டிய இடத்தில் விழும் வரை எடுத்துக்கொள்ளலாம்.